சிரிக்காத வம்சம்

காலத்தில் எண்ணூறு வருஷம் பின்னால் போய் எடுக்கும் நகைச்சுவைப் படங்களில் அந்தக் காலத்து மனிதர்களே நடித்தார்கள். ஆனால் அவர்களுடைய இன்றைய வாரிசுகள் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளிவரும். ஆகவே சிவசிதம்பர மழவராயர் தாமே படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போனார். அதில் நடிக்கும் தம் மூதாதையான தளபதியை எவனும் கேலிப்பொருளாக்கிவிடக் கூடாது. கோயில் தூணில் உதடு இறுக நிற்கும் அவர் சிலையைப் பார்த்தே, அந்த வீட்டு ஆண்கள் பல் தெரியச் சிரிப்பதில்லை. மழவராயர் தம் கல்யாணப் படத்திலும் சிரிக்கவில்லை.

தளபதியோ யானை மேலிருந்து சேற்றில் வழுக்கி விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்தக் காட்சிய வெட்டிடுங்கம்மா," என்றார் மழவராயர், இயக்குநர் அமுதினியிடம். "எங்க வம்சத்துல யாரும் இப்படி இளிச்சதில்ல."

"அவரையே கேளுங்கய்யா."

மழவராயர் கைகட்டி நின்று சிலையைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? சிற்பி வந்த அன்று எனக்குக் கடைவாய்ப் பல் வலி, வாயைத் திறக்க முடியவில்லை," என்றார் தளபதி. பிறகு மழவராயரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உனக்கும் பல்வலியா, அப்பனே?"

மழவராயருக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது.

"காட்சி இருக்கட்டும்மா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க ரெண்டு பேரையும் இப்படியே ஒரு படம் எடுங்க. கல்யாணப் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."