முருகன் முன் வைத்த கற்கண்டு

கை நடுங்கியது.

எந்த நோயின் நடுக்கம் இது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு நோய் இரண்டு. ஒன்று சர்க்கரை. இன்னொன்று, காதுக்குள் பேசும் அந்த ஆள்.

"சீனி தின்னுடீ" என்றான் அவன்.

கல்லூரி நாளிலிருந்து கூடவே இருக்கிறான். ஒரு நாளும் நல்லது சொன்னதில்லை. அண்ணி சோற்றில் என்னவோ கலக்கிறாள் என்பான். கிணற்றை எட்டிப் பார் என்பான். போன வருடம் அவன் பேச்சைக் கேட்டுக் கிணற்றடிவரை போய்விட்டாள். அப்புறம் ஆஸ்பத்திரி, பூட்டிய வார்டு.

அங்கே மறுபடி போகக்கூடாது. அது ஒன்றுதான் வேண்டுதல்.

அதற்காகத்தான் இன்று சஷ்டி விரதம். இருந்து பார், எல்லாம் தெளியும் என்றது அண்ணி. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்றதும் அண்ணிதான். இரண்டையும் பாசத்தில்தான் சொன்னாள். இவளும் இரண்டையும் கேட்டாள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போய்விட்டது.

நெற்றி வியர்த்தது. கழுத்தும் வியர்த்தது.

அரசு மருத்துவமனை மாடியில் செவ்வாய்தோறும் ஒரு வகுப்பு. நம் நோயை நாமே பார்த்துக்கொள்ளப் பழகும் வகுப்பு. நர்ஸ் ஜெயராணி அங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார்.

"கை நடுங்கி வேர்த்தா சர்க்கரை எறங்கிருச்சுன்னு அர்த்தம். யோசிக்காதீங்க. சீனிய வாயில போடுங்க."

இன்னொரு செவ்வாய், அதே ஜெயராணி.

"குரல் சொல்றத மட்டும் செஞ்சிராதீங்க. எதுவா இருந்தாலும் செய்யாதீங்க."

இரண்டுக்கும் தலையாட்டினாள். குரலே வந்து சீனி தின்னச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும்.

"தின்னு. செத்துருவ."

சீனி டப்பா பீரோவுக்குள் பூட்டியிருந்தது. அவள் நன்மைக்குத்தான். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் இனிப்புத் தின்ன உரிமை உள்ளவர் முருகன் ஒருவர்தான். படத்துக்கு முன்னால், கிண்ணத்தில் கற்கண்டு.

"அந்தா இருக்கு. எடு."

விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறான். அவன் புத்தி அதுதானே.

ஆனால், கிணற்றைக் காட்டியவனுக்கு இவள் செத்தால் என்ன?

ஜெயராணி சொன்னதையேதான் சொல்கிறான். வகுப்பில் அவனும் உட்கார்ந்து கேட்டிருப்பானோ? போகிற இடமெல்லாம் வருகிறவன்தானே.

முருகா, நீயாவது சொல்.

முருகன் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாக்கு மரத்தது. அவளுக்குப் பயம் வந்தது. சாவுக்குப் பயம். எத்தனையோ நாள் சாக ஆசைப்பட்டவள்தான். இன்று ஏனோ ஆசையில்லை.

தவழ்ந்து போனாள். கிண்ணம் கவிழ்ந்தது. தரையிலிருந்து அள்ளி வாயில் போட்டாள். கடித்தாள். அழுதுகொண்டே கடித்தாள்.

அண்ணி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. தரையெல்லாம் கற்கண்டு.

அண்ணி முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரும்மா இதத் தின்னச் சொன்னது?"

அண்ணி எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். பதிலைப் பொறுத்து, பூட்டிய வார்டுக்குக் கொண்டுபோக ஆட்டோ வரும்.

ஜெயராணி சொன்னார். அவன் சொன்னான். இரண்டும் நிஜம். ஆனால் தவழ்ந்து போனது யார்?

"நானேதான் தின்னேன், அண்ணி. கை நடுங்குச்சு."

சொன்ன பிறகுதான் அது பொய்யோ என்று தோன்றியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான்தான் சொன்னேன் என்று இப்போது கத்துவான். விட்டுக்கொடுக்கிறவன் இல்லை அவன்.

அவன் கத்தவில்லை.