ஆளே மாறிட்டார்

தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து, இரண்டு தொழிலாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இருவருக்கும் கண், காது, வாய் எல்லாம் துணிக்கட்டுக்குள்.

அவர்களில் ஒருவரின் மனைவி புருஷனின் கட்டிலருகே உட்கார்ந்ததும், கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் துழாவி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டன. பிறகு விடவேயில்லை.

"அண்ணி, இது எங்கண்ணனா? கல்யாண போட்டோவுலயே ஒரு முழம் தள்ளி நின்ன மனுஷனாச்சே!" என்றாள் நாத்தனார்.

"ஆளே மாறிட்டார்டி."

"நாய் வால் நிமிர்ந்துச்சுன்னாகூட நம்பிடுவேன்."

"போடி வாயாடி. பொழைச்சு மட்டும் வரட்டும். இனிமேதான் நான் வாழவே போறேன்."

மறுநாள் காலை பக்கத்து அறையிலிருந்த இன்னொரு தொழிலாளி இறந்துபோனார். அவர் மனைவியின் அலறல் சுவரைத் தாண்டிக் கேட்டது. 'பாவம்' என்று நினைத்தபடி இவள் அந்த விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் நர்ஸ் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அம்மா... ஆள் மாறிடுச்சும்மா."

"அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று சிரித்தாள் இவள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "அந்தம்மா உடம்பைப் பார்த்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் இல்லையாம். போனது... உங்க வீட்டுக்காரர்."

அதற்குள் அழுத முகமும் அவிழ்ந்த தலையுமாக அந்தப் பெண் ஓடி வந்துவிட்டாள். இவள் தன் கையை இழுத்தாள். விரல்கள் விடவில்லை.

அந்தப் பெண்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. இவர் எப்பவுமே இப்படித்தான். என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கமே வரும்."