மூன்று பாக்கியலெட்சுமிகள்

“மாரிசாமி, மூண்டு பேரும் ‘நான்தான் பாக்கியலெட்சுமி’ எண்டு எழுதுகினம். இப்ப என்ன செய்யப் போறீர்?”

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் தனேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரன். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இன்டர்நெட் கடை போட்டிருந்தான். அப்போது ஊருக்கே அது புதிது. பக்கத்தில் மைக்கைப் பிடித்தபடி மாரிசாமி. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. திருவிழா வந்தால் மேடையில் பாட்டு.

இன்று மேடை அந்தத் திரைக்குள் இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே ஓர் ஊர், அதில் ஒரு மண்டபம். உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவரும் ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே வரலாம். ஆடலாம், விளையாடலாம், எழுத்தில் பேசலாம். குரல் மட்டும் நிகழ்ச்சி நடத்துகிறவனுக்குத்தான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மாரிசாமி பாடுவான், தனேஸ்வரன் பாட்டு நின்றதும் இடம் பிடிக்கிற சங்கீதக் கதிரை விளையாட்டு வைப்பான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் கூடிவிடுவார்கள்.

கூட்டத்துக்காகவா பாடினான் அவன்? பொண்டாட்டிக்காக. பாக்கியலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். போன தீபாவளியோடு போனும் நின்றது, கடிதமும் நின்றது. அந்த வீட்டுக்காரர்கள் வேறு நாட்டுக்கே குடிபோய்விட்டார்களாம். அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான். அதே வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய றஷீனாதான் ஒரு வழி சொன்னாள். அந்த வீட்டு மகளோடு சேர்ந்து பாக்கியலெட்சுமியும் இந்தப் பொம்மை ஊருக்குள் போய் விளையாடுவாளாம்.

தேடுகிறவன் வாயைக் கட்டிக்கொண்டு தேடியிருக்கலாம். ஏக்கம் தாங்காமல் முதல் வாரமே மைக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மகள் பெயர், லயத்து வீட்டு வாசலில் நிற்கும் கொய்யா மரம், கல்யாணச் சேலையின் நிறம், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கடையின் போன் நம்பரையும் சேர்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. வேலை வெட்டியில்லாத பயல்கள் வாரம் முழுக்கப் பெண் குரலில் கூப்பிட்டு, ‘மாமா, நான்தான்’ என்று கொஞ்சினார்கள். தனேஸ்வரன் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

“புது நம்பரை ஒராளுக்குத்தான் குடுப்பன்,” என்றான் அவன். “பிழையான ஆளுக்குப் போச்சுதெண்டால் இந்தக் கூத்து இண்டையோட சரி. இப்பவே சொல்லிப்போட்டன்.”

“சரிங்க. ஆனா இன்னிக்கு விட்டா அவ திரும்ப வருவாளோ, மாட்டாளோ.”

மண்டபத்தில் மூன்று கதிரைகள் மிச்சம் இருந்தன. ஒன்றில் றெக்கை வைத்த பொம்மை. அடுத்ததில் பொன்னிறத் தலைமுடிக்காரி. ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒன்று.

மாரிசாமி மைக்கை வாயருகே கொண்டுபோனான். “பதில் எழுதாதவங்க கதிரைய விட்டு எந்திரிச்சிரணும். எங்க மக பேரு என்ன?”

‘பிரசாந்தினி’ என்று மூன்று பேரும் எழுதினார்கள்.

“கல்யாணச் சேலை என்ன நெறம்?”

‘அரக்கு.’ மூன்றும் சரி.

“நீர்தானே ஊருக்கெல்லாம் ஒப்பிச்சு வச்சிருக்கிறீர்,” என்று சலித்துக்கொண்டான் தனேஸ்வரன். “ஆருக்கும் தெரியாத ஒண்டைக் கேளும் ஐசே.”

மாரிசாமிக்கு மகள் ஞாபகம் வந்தது. அம்மா வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று மகளிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று. இப்போதெல்லாம் அவன் வாயைத் திறந்தாலே பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. அந்த மூன்று பொம்மைகளில் ஒன்றின் பின்னால் அவள் இருக்கலாம். எவளோ ஒருத்தியை நம்பி அவளைக் கைவிட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

உடனே கேட்கவில்லை அவன். ஒரு பாட்டை எடுத்தான். பொம்மைகள் எழுந்து கதிரைகளைச் சுற்றின. பாதியில் நிறுத்தினான். மூன்றும் உட்கார்ந்தன.

“கடைசிக் கேள்வி. எம் பேரு என்ன?”

தனேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். “விசரே உமக்கு? உம்முட பேர் மண்டப வாசல் பலகையில கொட்டை எழுத்தில கிடக்கு. சின்னப் பிள்ளையும் பாத்து எழுதும்.”

“எழுதட்டுங்க.”

றெக்கைப் பொம்மை முந்திக்கொண்டது: ‘மாரிசாமி.’

பொன்முடிக்காரி ஒரு படி மேலே போனாள்: ‘என் ஆசை மாரிசாமி.’

நீலச் சட்டை ஒன்றும் எழுதவில்லை.

“பாத்தீரே, ஒரு கள்ளி பிடிபட்டிட்டாள். பலகையைக்கூடப் பாக்காமல் வந்து குந்தியிருக்கிறாள். எழுப்பி விடட்டே?”

“கொஞ்சம் பொறுங்க.” மாரிசாமி திரையை நோக்கிக் குனிந்தான். மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தான். “நீலச் சட்டை, நேரம் போவுது. பேரச் சொன்னா நம்பரு ஒங்களுக்குத்தான். சொல்ல மாட்டீங்களா?”

கீழே வெலிமடை பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். மற்ற இரண்டும் நம்பர் எங்கே, நம்பர் எங்கே என்று எழுதித் தள்ளின. நீலச் சட்டைப் பொம்மையின் கைகள் எழுதுவதுபோல் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. தனேஸ்வரன் அதை வெளியே தள்ளும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோன நேரத்தில் அந்த வரி வந்தது:

‘கட்டுனவரு பேர நான் எப்புடிங்க சொல்றது?’