எலிக்கும் ஒரு சொட்டு

"இனிமே நான் உனக்குப் போன் பண்ணப் போறதில்லடா. சாயங்காலம் கூப்பிட்டா ஒரு நாளும் எடுக்கறதில்ல. அம்மா தொந்தரவுன்னா வாயைத் திறந்து சொல்லிடு."

மகன் கையுறையை மாட்டிக்கொண்டு எலிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தான். அவன் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அம்மா வருவது இதுதான் முதல் தடவை.

"இங்க பாரும்மா. இதோட மூளைக்குள்ள முடியை விட மெல்லிசா ஒரு கம்பி வச்சிருக்கோம். ஒரே ஒரு மூளைச் செல்லோட சத்தம் இந்த ஸ்பீக்கர்ல கேக்கும்."

"வலிக்காதாடா அதுக்கு?"

"இப்ப வலி இல்லம்மா."

மணி அடித்தான். ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது. அதற்குப் பிறகுதான் குழாயில் ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர் வந்தது.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துச்சே?"

"முதல்ல எல்லாம் தண்ணி குடிச்சாத்தான் இந்த செல் துள்ளும். தினமும் மணி அடிச்சுட்டுக் கொடுத்தோம். இப்ப மணி கேட்டாலே துள்ளுது."

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்குள்ள இவ்வளவு ஆசையை வச்சிருக்கானே அந்தக் கடவுள்" என்றாள் அம்மா மெதுவாக. கோபம் பாதி இறங்கிவிட்டது.

கிளம்பும்போது மகன் கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினான். "என் போனை எங்கயோ வச்சுட்டேன். ஒரு ரிங் குடும்மா."

அம்மா கூப்பிட்டாள். மேஜையில் துண்டுக்கு அடியில் ஒரு மெட்டு ஒலித்தது.

உடனே ஸ்பீக்கர் பொரிந்தது. மணிக்குப் பொரிந்ததை விடப் பலமாக.

"மணியே அடிக்கலையேடா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து மேஜையில் இருந்த, கூடத்துக்குத் தலைவியான பெரிய மேடம்தான் சிரித்தார்.

"அது உங்களுக்குன்னே உங்க பிள்ளை வச்சிருக்கிற மெட்டும்மா. கையுறை போட்டுட்டா போனைத் தொடக் கூடாது. வெளியில வச்சுட்டு வாடான்னா, 'அம்மா கூப்பிடறதாவது காதுல விழட்டும் மேடம்'பான். அது அடிச்சதும் முகமெல்லாம் பல்லாகி, எலிக்கும் ஒரு சொட்டு ஊத்திடுவான். எங்க ஆராய்ச்சி கெட்டதுதான் மிச்சம்."

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு அந்த எலியைப் பார்த்து, தன்னையறியாமல் கைகூப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் மகனுக்குப் போன் பண்ணினாள். முழுசாக அடித்து ஓய்ந்தது.

"இன்னிக்கும் எடுக்கலையா?" என்றார் அப்பா.

"எடுக்கலைன்னா என்னங்க, எலி குடிச்சிருக்கும்" என்றாள் அம்மா.