முதல் வீட்டுக் கதவு

"கதவைச் சாத்துறதுக்கு ஆள் வேணும்னா தோன்யா ஹெல்காவை விட்டா வேற யாரு? அவங்களுக்கு ஒத்திகையே தேவையில்லை."

காசிமிரோ இப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பரீட்சைப் பயத்தில் இருந்த நெலிதாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் லுத்தரன் சபையில், ஸ்பானிஷ் பேசும் எங்கள் ஜனங்களுக்கே ஊழியம் செய்ய, நெலிதா, காசிமிரோ, நான் உள்பட ஐந்து பேர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். வாரமெல்லாம் இறால் கொட்டகையில் வேலை, சனிக்கிழமை ஆலயத்தின் பின்னறையில் வகுப்பு. நெலிதாவுக்கு எழுத்துப் பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய போசாதா ஊர்வலத்தை நடத்திக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

போசாதா என்றால் எங்களுக்கு உயிர். மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைந்ததைப் பாடிக்கொண்டே தெருவில் போவோம். முதல் வீட்டில் இடம் கேட்டால், உள்ளேயிருந்து பாட்டிலேயே விரட்டுவார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே கதிதான். மூன்றாவது வீடுதான் திறக்கும். இந்த வரிசை பிசகினால் அது போசாதாவே இல்லை.

வகுப்பெடுக்கும் போதகர் அமதேயோ இதிலெல்லாம் படு கறார். ஜனங்களுடைய வழக்கத்தைக் குலைக்கிறவர்கள் கையில் ஜனங்களை ஒப்படைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தேறினால் ஜனவரியில் நெலிதா துறைமுகப் பக்கத்துச் சபைக்கு ஊழியராகப் போகலாம். அங்கே ஒரு சாவு விழுந்தால் கூட நின்று ஜெபிக்க ஆளில்லை, பாவம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது அவளால் ஆகாது.

தோன்யா ஹெல்கா, ஆலயத்தைக் கட்டிய ஜெர்மன் குடும்பத்து மனுஷி. பெரிய மனுஷிகளை மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பானிஷ் ஆராதனை தொடங்கலாமா என்று சபைக் கூட்டத்தில் கேட்டபோது, எழுந்து நின்று "வேண்டாம்" என்று சொன்ன ஒரே ஆள். அதற்கப்புறம் எதிரில் வந்தால் நாங்கள் தலையை ஆட்டுவதோடு சரி. ஆனால் ஊர்வலம் போகும் தெருவில் முதல் வீடு அவருடையது.

நெலிதா தயங்கித் தயங்கிப் போய், கதவைச் சாத்தி எங்களை விரட்டுவீர்களா என்று கேட்டாள். அவர் உடனே ஒத்துக்கொண்டாராம். விரட்டுகிற பாட்டை ஸ்பானிஷிலேயே கற்றுக்கொடு என்றும் கேட்டாராம்.

"விரட்டுறதுக்கு மட்டும் நம்ம பாஷை வேணுமாக்கும்" என்றான் காசிமிரோ.

நெலிதா வாரா வாரம் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். எத்தனை பேர் வருவீர்கள், குழந்தைகள் உண்டா என்று அவர் துருவித் துருவிக் கேட்கிறார் என்றாள். வீட்டில் ஏதாவது களவு போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஊர்வலத்தன்று பொழுது சாயும்போது வளைகுடாவிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. தெரு முழுக்கக் காகிதப் பைகளுக்குள் மெழுகுவர்த்திகள். பக்கத்தில் நடப்பவர் முகம்கூடப் பாதிதான் தெரிந்தது. யார் பாடுகிறார்கள் என்றே தெரியாமல் பாட்டு மட்டும் மிதந்து வந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல நாங்கள் முதல் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

இடம் கேட்டுப் பாடினோம். உள்ளே சத்தமில்லை. மறுபடி பாடினோம்.

கதவு திறந்தது.

உள்ளே மேசை நிறையப் பலகாரம். பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளில் சுடச்சுடச் சாக்லேட் பானம் ஆவி பறக்க இருந்தது. குழந்தைகளுக்கென்று குட்டை நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. போதகர் அமதேயோ வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

நெலிதாவுக்கு அழுகை முட்டியது. "தோன்யா, நீங்க எங்களை விரட்டணுமே. பாட்டு மறந்துபோச்சா?"

அவர் ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடியே, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிக் காட்டினார். குரல் நடுங்கியதே தவிர ஒரு சொல் தப்பவில்லை. வெளியே நின்ற குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன.

"இன்னைக்கு எனக்குப் பரீட்சை, தோன்யா" என்றாள் நெலிதா, தாழ்ந்த குரலில்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "அது எனக்குத் தெரியாதே, பொண்ணு. நான் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க அடுத்த வீட்டுக்குப் போங்க."

கதவு மெல்ல நகர ஆரம்பித்தது. நெலிதா போதகரைப் பார்த்தாள். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வீட்டில் உள்ளே நுழையும்போது மட்டும் பாடுகிற பாட்டை எடுத்தாள். பாடிக்கொண்டே படியேறி, கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம்.

கடைசியாகப் போதகர் வந்தார். வரிசை போச்சு என்று நெலிதாவிடம் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள்.

"திறந்த கதவைத் தாண்டிப் போயிருந்தாத்தான் உன்னைத் தேற விட்டிருக்க மாட்டேன். ஜனவரியில துறைமுகத்துக்குப் போ."

அப்புறம் அவர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, தோன்யா ஹெல்காவிடம் கூச்சத்தோடு கேட்டார். "திறக்கப்போறதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, தோன்யா?"

தோன்யா ஒரு குழந்தையின் தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சாத்துறதுக்கு ஒரு வீடு வேணும்னதும் நேரா என் வாசலுக்குத்தான் வந்தீங்க. திறப்பீங்களான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே, போதகரே."