மாதம் ஐந்து ரூபாய் மிச்சம்

“காசு குடுத்துப் பாரம் தூக்குறவன், வீரபாண்டியிலருந்து கூடலூர் வரைக்கும் தேடுனாலும் ஒருத்தன் இருக்கக் கூடாது மாஸ்டர். இருந்தா அவனுக்கு பஸ் ஸ்டாண்டுல செலை வைக்கணும்.”

தேனியில் உடற்பயிற்சி நிலையம் நடத்தும் ஏசுதாசன் மாஸ்டரின் மேஜைக்கு முன்னால் நின்று, சட்டசபையில் தீர்மானம் கொண்டுவருகிறவனைப் போல, சண்முகராஜ் இதைச் சொன்னான். நூல்கடைக்காரர் மகன். பி.ஏ. முடித்து மூன்று வருடமாக அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

போலீஸ் ஆளெடுப்புக்கு இன்னும் எழுபது நாள். மார்பு முப்பத்திரண்டு அங்குலம் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். சண்முகராஜிடம் இருந்தது முப்பத்தொன்று. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு ஆயுளுக்கும் நூல்கண்டுதான்.

“சேர்றப்பப் பத்து ரூவா. மாசாமாசம் அஞ்சு. சேர்றதுன்னா சேருங்க, இல்லன்னா வாசல மறைக்காதீக, காத்து வரணும்” என்றார் மாஸ்டர்.

“பருப்பு மண்டியில மூட்டை மூட்டையாக் கெடக்கு. அதுவும் பாரந்தான? அங்கன எவனும் சந்தா கேக்கல மாஸ்டர்.”

“அப்ப அங்கனயே போய்த் தூக்குங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கே மண்டியில் போய் நின்றான். அங்கே சுமை தூக்குவது மேஸ்திரி முத்துவீரனையும் சேர்த்து ஆறு பேர். ஒரு மூட்டை இறக்கினால் இருபது காசு. யார் இறக்கினாலும் பணம் மொத்தமாக மேஸ்திரி கைக்கு வரும். சனிக்கிழமை ஆறு பங்காகப் பிரியும். அதுதான் அங்கே வழக்கம்.

“எனக்குக் கூலி வேணாம்ணே. நான் ஒடம்புக்காகத் தூக்குறேன்.”

முத்துவீரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கூலியே வேணாமா?”

“சல்லிக்காசு வேணாம்.”

“ஏலே, தள்ளி நில்லுங்கடா. தம்பி வர்றாக!”

முதல் மூன்று நாள் மூட்டையோடு சேர்த்து அவனையும் தூக்க வேண்டியிருந்தது. நாலாம் நாளிலிருந்து தனியாகவே சுமந்தான். இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை. ஆறு பேரும் காலிச் சாக்குக் குவியலில் சாய்ந்துகொண்டு, “வலது கால முன்ன வைங்க தம்பி,” “பாத்து, அங்கன பள்ளம்” என்று தங்களால் ஆன உதவியைச் செய்தார்கள்.

உடற்பயிற்சி நிலையத்துக்குச் சைக்கிளில் போகும் பேங்க் குமாஸ்தா வைகுண்டராஜ் மண்டி வாசலைக் கடக்கும்போதெல்லாம், மூட்டையோடு நின்று சண்முகராஜ் குரல் கொடுத்தான். “என்ன சார், காசு குடுத்து வேர்க்கப் போறீகளா?” வைகுண்டராஜ் மணியடித்துக்கொண்டு வேகமாக மிதிப்பார்.

மூன்றாவது வாரம் அந்த ஆறு பேரும் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் பாலில் பச்சை முட்டையை அடித்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு ருசி கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு சண்முகராஜ் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

முப்பதாம் நாள் டெய்லர் கருத்தக்கண்ணனிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். டெய்லர் நாடாவைச் சுற்றினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி சுற்றினார்.

“முப்பதரை.”

“முப்பத்தொண்ணுல்ல இருந்துச்சு?”

“இருந்துச்சு. முதுகுல மூட்டைய வச்சுக் குனிஞ்சே நடந்தா நெஞ்சு எங்கன போகும் தம்பி? உள்ளதான் போகும். ஆனா முதுகு நல்லா வந்துருக்கு. போலீசுல முதுகு அளப்பாகளா?”

இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம், மிச்சம் பிடித்து வைத்திருந்த பதினைந்து ரூபாயைச் சட்டைப்பைக்குள் பொத்திக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் போகாமல் கிணற்றுச் சந்து வழியாக நடந்தான். எதிரே வந்த வைகுண்டராஜைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். குனிவது பழகியிருந்தது.

ஏசுதாசன் மாஸ்டர் பணத்தை எண்ணி டிராயரில் போட்டார். ரசீது எழுதினார். “சட்டையக் கழத்திட்டுக் கடைசியில போய்ப் படுங்க. தண்டால் எண்ணப் போறேன்.”

சண்முகராஜ் சத்தமில்லாமல் வரிசையின் கோடியில் குப்புற விழுந்து கையை ஊன்றினான். நாலாவது தண்டாலில்தான் பக்கத்தில் மூச்சு வாங்கும் ஆளைத் திரும்பிப் பார்த்தான்.

முத்துவீரன். அவருக்கு அந்தப் பக்கம் மீதி ஐந்து பேரும் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே! நீங்க எங்க இங்கன?”

“என்ன செய்யச் சொல்றீக? மூட்டை பூராவும் நீங்களே தூக்கிர்றீக. சும்மா உக்காந்து உக்காந்து ஆறு பேத்துக்கும் தொப்பை விழுந்துருச்சு. தொப்பை வச்ச ஆள எந்த மண்டியில தம்பி சேப்பாக?”

“ஆளுக்குப் பதினஞ்சு ரூவா கட்டியா? அம்புட்டுக் காசுக்கு எங்க போனீக?”

முத்துவீரன் எழுந்து நின்று மூச்சை ஆழமாக இழுத்தார். நெஞ்சு தாராளமாக இரண்டு அங்குலம் விரிந்தது.

“நாளைக்கு ரெண்டு லாரி வருது தம்பி, நேரத்தோட மண்டிக்கு வந்துருங்க, எங்களுக்கு அடுத்த மாசச் சந்தா கட்டணும்ல?”