முதல் ஊசி

“தலையை ஆட்டாதை பிள்ளை. காது அறுபடப் போகுது.”

“அறுபடட்டும் அன்ரி. தோடு வித்த காதுதானே.”

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. சவர அலகை வாளித் தண்ணீரில் அலசிவிட்டு, அருந்ததியின் பிடரியை இன்னொரு தரம் வழித்தாள்.

லொட்ஜின் குளியலறைக் கதவை யாரோ இடித்தார்கள்.

“நோயாளி உள்ளுக்கை,” என்றாள் பாலேஸ்வரி.

இடிப்பது நின்றது. கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அவசரத்தில் அலகு வழுக்கியது. காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. படிகாரத்தைத் தேய்த்து, வெள்ளைச் சால்வையால் தலையை மூடிக் கட்டினாள். தரையில் கிடந்ததை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். லொட்ஜ் குப்பையில் போட அருந்ததி விடவில்லை.

கீழே மக்கீனின் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

பாலேஸ்வரி தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள். கணவனைப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிறகு நோயாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அமைச்சின் படிகளில் ஏறி இறங்குகிறவள்.

அருந்ததிக்கு எழுதிக் கொடுத்த மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இல்லை. வெளியில் வாங்கு என்றார்கள். வெளியில் அதன் விலைக்கு ஊர்க் காணியை விற்க வேண்டும். விற்கலாமென்றால் காணிக்குள் ஆமிக் காம்ப்.

சங்கம் கத்திக் கத்தி, கடைசியில் கொஞ்ச ஊசிகளை அரசாங்கமே வாங்கியிருந்தது. கொஞ்சம்தான். யாருக்கு முதலில் என்பதை இன்று காலை ஓர் அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வார். அடுத்த தொகை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அருந்ததியின் மார்பிலிருந்த கட்டி அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள்.

பொலிஸ்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். படத்தில் தோளுக்கு மேலால் முன்னே விழுந்த தடித்த பின்னல். நேரில் ஒரு சால்வை. அவன் கை பாலேஸ்வரியின் பைக்குள் போய், பேப்பர்ப் பொட்டலத்தைத் தொட்டது.

அருந்ததி சால்வையை அவிழ்த்தாள்.

“கேன்சர், மாத்தயா,” என்றார் மக்கீன் சிங்களத்தில்.

பொலிஸ்காரன் பொட்டலத்தை விட்டான். அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

“இந்தத் தல ஈந்தா பாஸ் ஒண்டும் தேவில்ல தங்கச்சி,” என்றார் மக்கீன், கியரைத் தட்டியபடி.

பாலேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஒரு தைரியம் வந்தது.

ஆனால் அமைச்சில் அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் அது பாதியாகியது. போன மாதம் அந்த நாற்காலியில் இருந்த தடித்த மனிதர் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது இருந்தவர் ஒரு டொக்டர். மென்மையான குரல். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அமைச்சில் அவளுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

பாலேஸ்வரி சொல்லிக் கொடுத்தபடியே அருந்ததி சால்வையைக் கழற்றினாள்.

“பாவம், எல்லாம் கொட்டிவிட்டது,” என்றார் டொக்டர் சிங்களத்தில். கிட்ட வந்து காதுக்குப் பின்னால் பார்த்தார். “காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறிய உடம்பு. இலேசில் ஆறாது.”

பிறகு பேனையைத் திறந்தார்.

“எத்தனை ஊசி முடிந்தது?”

பாலேஸ்வரி அருந்ததியைத் திரும்பிப் பார்த்தாள். சிங்களம் விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் ஆறுதலாகச் சொன்னார்.

“இந்த நோயில் முடி கொட்டாது அம்மா. மருந்தில்தான் கொட்டும். எப்படியோ வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். லண்டன், கனடா என்று உங்கள் ஆட்களுக்கு யாராவது இருப்பார்கள். நல்ல விஷயம். இந்த முறை நாங்கள், ஒரு ஊசிகூடக் கிடைக்காதவர்களுக்குத்தான் கொடுக்கிறோம்.”

அருந்ததியின் கோப்பு மேசையின் மற்றப் பக்கத்துக்குப் போனது.

“என்னவாம் அன்ரி?”

“உனக்கு ஊசி போட்டாச்சாம்.”

“எனக்கோ? எப்ப?”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் டொக்டர்.

“இவளுக்கு இன்னும் ஒரு ஊசியும் போடவில்லை, டொக்டர்.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். குரலில் மென்மை அப்படியே இருந்தது. கண்ணில் இல்லை.

“அப்படியென்றால் முடி எங்கே?”

போன மாதம் இதே அறையில், அந்தத் தடித்த மனிதர் அருந்ததியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால், கல்யாணப் பொம்பிளையைக் கொண்டுவந்திருக்கிறாய்.’ கதை அத்தோடு முடிந்தது.

பாலேஸ்வரி கைப்பையைத் திறந்தாள்.

பேப்பருக்குள் பின்னல் இருந்தது. விடிய முழுகிய ஈரம் இன்னும் காயவில்லை. கத்தரிக்கோல் இரண்டு தரம் இறுகி நின்ற அந்தத் தடித்த பின்னலில், ஓர் இழைகூடத் தானாகக் கொட்டியதில்லை.